ஏறும்போது கேட்கும், இறங்கும்போது கொடுக்கும்: பிரஷ்லெஸ் மோட்டாருக்குப் பவர் சப்ளை தேர்ந்தெடுப்பது எப்படி?

கவுஞ்சியில் நான் சுமை வண்டியை ஓட்டிப் பார்த்த தோட்டத்தில் ரோடு மேலே இருக்கிறது, பாத்திகள் கீழே இருக்கின்றன. கொடைக்கானல் மேல்மலையில் இப்படிப்பட்ட தோட்டங்கள் நிறைய உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைன்னு எங்க போனாலும் படிப்படியா வெட்டின சரிவுலதான் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையுது. அறுவடை மேலே ஏறணும். எருவும் விதைக்கிழங்கும் கீழே இறங்கணும். இந்த வேலையை மனுஷத் தலையும் குதிரை முதுகும்தான் செய்கின்றன.

அதுக்கு ஒரு சின்ன ரோபோ வண்டி செய்து பார்க்கலாம்னு ஆரம்பிச்சேன். ஹோவர்போர்டு விளையாட்டுப் பலகையில் இருக்கும் சக்கர மோட்டார் இரண்டு, ஒரு இரும்புச் சட்டம், ஒரு மோட்டார் டிரைவர், ஒரு ரிமோட். சுமையோடு சேர்த்து மொத்த எடை 100 கிலோ. சோதனைக்கு பேட்டரி வேண்டாம், ஷெட்டில் இருந்தே கரண்ட் எடுத்துக்கலாம்னு 36 வோல்ட், 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் ஒண்ணை ஷெட்டுக்குள்ள வச்சு, பத்து மீட்டர் கேபிள் வெளியே இழுத்தோம்.

எனக்கு ஏத்தத்தைப் பத்திதான் பயம். ஒவ்வொரு மோட்டாருக்கும் 20 ஆம்பியர் வேணும்னு கணக்கு போட்டிருந்தேன். ரெண்டுக்கும் சேர்த்து 40. சப்ளை தர்றதோ 20. நிச்சயம் திணறும்னு நினைச்சேன். வண்டி சுகமா ஏறிடுச்சு. மெதுவா இறக்கிப் பார்த்தோம், அதுவும் சரி. மூணாவது தடவை கொஞ்சம் வேகமா, ஆள் நடக்கிற வேகத்துக்கு இறக்கினேன். பாதி வழியில் டிரைவர் 'ஓவர் வோல்டேஜ்'னு காட்டி அணைஞ்சுடுச்சு. மோட்டார் பிடியை விட்டது. 100 கிலோ தானா உருண்டு போய் கீழே இருந்த கல்லுக்கட்டில் மோதி நின்றது. அங்கே நின்றிருந்தவர் சமயத்துல ஒதுங்கிட்டார். யாருக்கும் அடிபடலை. ஆனா அன்னைக்கு அதுக்கு மேல யாரும் அந்த வண்டிப் பக்கம் வரலை.

ஏத்தத்துல பயந்தேன், இறக்கத்துல பயப்படலை. ரெண்டுமே தப்பு. ஏன் தப்புங்கிறதுக்குள்ளதான் இந்த மாதிரி மோட்டாருக்குப் பவர் சப்ளை தேர்ந்தெடுக்கிற முழு விஷயமும் இருக்கு. அதை வரிசையா எழுதி வைக்கிறேன்.

மோட்டார் ஆம்பியர் வேறு, சப்ளை ஆம்பியர் வேறு

பிரஷ்லெஸ் மோட்டாரில் மூன்று வயர் இருக்கும். சப்ளையிலிருந்து வருவது இரண்டு வயர். நடுவில் இருக்கும் டிரைவர் வெறும் சுவிட்ச் இல்லை. அது கரண்ட்டுக்கு ஒரு கியர்பாக்ஸ் மாதிரி. காட் ரோட்டில் பஸ் முதல் கியரில் ஏறும்போது இன்ஜின் வேகமா சுத்துது, சக்கரம் மெதுவா, ஆனா பலமா சுத்துது. அதே மாதிரி டிரைவர், சப்ளையிடமிருந்து அதிக வோல்டேஜில் குறைந்த ஆம்பியரை வாங்கி, மோட்டாருக்குக் குறைந்த வோல்டேஜில் அதிக ஆம்பியராகக் கொடுக்கும். கியர்பாக்ஸ் பவரை உண்டாக்காது, டிரைவரும் உண்டாக்காது. ரெண்டு பக்கமும் சமமா இருக்க வேண்டியது வாட் கணக்கு மட்டும்தான்.

மோட்டாரின் முறுக்கு விசை, அதாவது டார்க், மோட்டார் வயர்ல ஓடும் ஆம்பியரைப் பொறுத்தது. ஹோவர்போர்டு மோட்டார்கள் வோல்ட்டுக்குச் சுமார் 16 ஆர்பிஎம் சுத்தும். இந்த எண்ணை 'கேவி' என்பார்கள். 8.27-ஐ கேவியால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு எவ்வளவு டார்க் என்று வரும். இங்கே சுமார் 0.52 நியூட்டன் மீட்டர். 20 ஆம்பியர் கொடுத்தால் 10 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இப்போ மோட்டார் சுத்தாம, அந்த 20 ஆம்பியரோட வெறுமனே முட்டிக்கிட்டு நிக்குதுன்னு வைங்க. வேலை எதுவும் நடக்கலை. செலவாவது செம்புக் கம்பி சூடாவது மட்டும்தான். ஒரு கட்டத்தின் ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓம் என்று வச்சுக்கிட்டா, மூன்று கட்டத்துக்கும் சேர்த்து சூடு 1.5 × 0.2 × 20 × 20 = 120 வாட். சப்ளை 36 வோல்ட். 120-ஐ 36-ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர். மோட்டாருக்குள்ள 20 ஆம்பியர் ஓடும்போது, சப்ளையிலிருந்து போறது 3.3 ஆம்பியர்தான்.

நான் விட்ட முதல் தப்பு இது. டிரைவர் அட்டையில் எழுதியிருக்கும் மோட்டார் ஆம்பியரைப் பார்த்து சப்ளை வாங்கக் கூடாது. வாட் கணக்கு போட்டுத்தான் வாங்கணும்.

ஏத்தக் கணக்கு

சரிவு 20 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 20 மீட்டர் உயரம். 100 கிலோவைக் கீழே இழுக்கும் விசை சுமார் 192 நியூட்டன். மண்பாதையில் சக்கரம் உருளுவதற்கு இன்னொரு 48 நியூட்டன் என்று வச்சுக்கிட்டேன். மொத்தம் 240. சக்கரத்தின் விட்டம் ஆறரை அங்குலம், ஆரம் 0.0825 மீட்டர். 240-ஐ ஆரத்தால் பெருக்கினால் சுமார் 20 நியூட்டன் மீட்டர். ரெண்டு மோட்டாருக்குப் பிரித்தால் தலா 10. ஆக, தலா 20 ஆம்பியர்னு நான் போட்ட கணக்கு சரிதான். அதைக் கொண்டுபோய் சப்ளை மேல் ஏத்தினதுதான் தப்பு.

நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஏறினால் உண்மையான வேலை 240 வாட். ரெண்டு மோட்டாரிலும் சூடு 240 வாட். மொத்தம் 480 வாட். 36 வோல்ட்டில் 13 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். என்னுடைய 20 ஆம்பியர் சப்ளை ஏன் திணறலை என்பதற்கு விளக்கம் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. பாதிக்குப் பாதி பவர் சூடாப் போகுது. 100 மீட்டர் பாதையை 100 நொடியில் ஏறி முடிச்சா மோட்டார் தாங்கும். மூடின சக்கரத்துக்குள்ள 120 வாட் சூட்டை விடாம அரை மணி நேரம் ஏத்தினா தாங்காது. டார்க் அதிகம் வேணும்னா சப்ளையைப் பெரிசாக்குறது வழி இல்லை, கியர் போடுறதுதான் வழி. அதே மோட்டாருக்கு 6-க்கு 1 கியர் போட்டால் தேவையான ஆம்பியர் ஆறில் ஒரு பங்காகும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 36-ல் ஒரு பங்காகும். கியருக்குள்ளேயே கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனா லாபம் அதைவிட ரொம்பப் பெரிசு. எம்ஐடியில் பென் காட்ஸ் 2018-ல் வடிவமைத்த மினி சீட்டா நாய் ரோபோவின் மோட்டாரிலும் 6-க்கு 1 கோள் கியர்தான். சுமார் 9 கிலோ எடையுள்ள அந்த ரோபோ 24 வோல்ட் பேட்டரியில் ஓடுது, கரணமும் அடிக்குது. ஒவ்வொரு மூட்டும் உச்சத்தில் 17 நியூட்டன் மீட்டர் தரும். 12 மோட்டாரின் உச்ச ஆம்பியரையும் கூட்டி அதுக்கு சப்ளை தேடியிருந்தா, ரோபோவே அந்த பேட்டரியைத் தூக்கியிருக்காது.

எத்தனை வோல்ட்?

வோல்டேஜை முடிவு செய்வது வேகம். நொடிக்கு 1 மீட்டர் போக இந்தச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 116 சுற்று சுத்தணும். கேவி 16 என்றால் அதுக்கு 7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போதும். 20 ஆம்பியரை ரெசிஸ்டன்ஸைத் தாண்டித் தள்ள இன்னொரு 7 வோல்ட். ஆக 15 வோல்ட்டிலேயே வண்டி ஏறிவிடும். 24 வோல்ட் தாராளம்.

பிறகு ஏன் 36? ரெண்டு காரணம். ஒண்ணு கேபிள். அதே 480 வாட் 24 வோல்ட்டில் 20 ஆம்பியர், 36 வோல்ட்டில் 13 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை 30 மீட்டர் இழுத்தால் போக வர 60 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.44 ஓம். 13 ஆம்பியரில் கிட்டத்தட்ட 6 வோல்ட் கேபிளிலேயே போயிடும். 24 வோல்ட் என்றால் 9 வோல்ட் போகும். ஷெட்டில் சப்ளை, தோட்டத்தில் வண்டி என்பது பத்து மீட்டருக்கு மேல் சரிப்படாத யோசனை. வண்டியை உண்மையா வேலைக்கு விடணும்னா பேட்டரி வண்டி மேலேயே இருக்கணும். இன்னொரு காரணம், பத்து லித்தியம் செல் வரிசையா போட்ட 36 வோல்ட் பேட்டரி சுலபமாகக் கிடைக்கும்.

மேல் எல்லையை முடிவு செய்வது டிரைவர். 36 வோல்ட் பேட்டரி முழுசா சார்ஜ் ஆனால் 42 வோல்ட். டிரைவர் 45 வோல்ட் வரைதான் தாங்கும் என்றால் இடைவெளி 3 வோல்ட். அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்பது இறக்கத்தில்தான் தெரியும்.

இறக்கத்தில் யார் யாருக்குக் கரண்ட் கொடுக்கிறார்கள்?

மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே யந்திரம். ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இதுக்கு நல்ல உதாரணம். மின்சாரம் மிச்சமாக இருக்கும்போது அதே யந்திரம் தண்ணீரை மேல் அணைக்கு ஏத்துது. தேவைப்படும்போது அந்தத் தண்ணீர் இறங்கி வந்து அதே யந்திரத்தைச் சுத்தி மின்சாரம் தருது. என் வண்டியும் அப்படித்தான். ஏறும்போது கரண்ட் கேட்கும், இறங்கும்போது கரண்ட் கொடுக்கும். காடம்பாறை கொடுப்பதை வாங்கிக்கொள்ள மாநிலம் முழுக்க இருக்கும் மின்கட்டமைப்பு இருக்கு. என் வண்டி கொடுப்பதை வாங்கிக்கொள்ள யார் இருந்தாங்க?

யாரும் இல்லை. சாதாரண எஸ்எம்பிஎஸ் ஒருவழிப் பாதை. 230 வோல்ட்டை 36 ஆக்கி வெளியே தள்ளும். வெளியிலிருந்து வருவதைத் திருப்பி வீட்டு லைனுக்கு அனுப்பும் வழி அதுக்குள்ள கிடையாது. திரும்பி வந்த கரண்ட் போய்ச் சேர்ந்த ஒரே இடம் சப்ளையிலும் டிரைவரிலும் இருக்கும் கெபாசிட்டர்கள்.

அது எவ்வளவு சின்ன பாத்திரம்னு பாருங்க. சரிவு இழுப்பது 192 நியூட்டன், மண் தடுப்பது 48. மிச்சம் 144 நியூட்டனை மோட்டார் பிடிக்கணும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அது 144 வாட். அந்த விசையைப் பிடிக்க ஒவ்வொரு மோட்டாரிலும் 11 ஆம்பியருக்கு மேல் ஓடும், அதில் ரெண்டு மோட்டாருக்கும் சேர்த்து 80 வாட் செம்பிலேயே சூடாகும். மிச்சம் 64 வாட் சப்ளை பக்கம் திரும்பும். கெபாசிட்டர் மொத்தம் 2000 மைக்ரோஃபாரட் என்றால், 36 வோல்ட்டிலிருந்து டிரைவரின் எல்லையான 50 வோல்ட்டுக்குப் போக அது வாங்கிக்கொள்வது 1.2 ஜூல்தான். 64 வாட் அதை நிரப்ப எடுத்துக்கொள்வது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. கண் இமைக்கிறதுக்குள்ள வோல்டேஜ் எகிறி டிரைவர் அணைஞ்சுடும்.

சரி, மெதுவா இறக்கினபோது ஏன் ஒண்ணும் ஆகலை? இதுதான் என்னை ஏமாத்தின இடம். சூடாகிற 80 வாட் விசையைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்தது இல்லை. சரிவு தர்ற பவரோ வேகத்தைப் பொறுத்தது. நொடிக்கு 0.55 மீட்டர் வேகத்தில் சரிவு தர்றதும் 80 வாட், செம்பு சாப்பிடுறதும் 80 வாட். திரும்பி வர எதுவும் இல்லை. அதைவிட மெதுவா இறங்கினா, இறங்கும்போதும் வண்டி சப்ளையிடமிருந்து கரண்ட் கேட்கும். முதல் தடவை நான் பயந்து பயந்து இறக்கினேன், அதனால பிரச்சினை தெரியலை. தைரியம் வந்து வேகத்தைக் கூட்டினதும் எல்லை தாண்டிடுச்சு. மெதுவா ஓட்டிப் பார்த்து 'சோதிச்சாச்சு'ன்னு சொல்றது இந்த விஷயத்துல சோதனையே இல்லை.

இதே கணக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லுது. எவ்வளவு பலமா பிரேக் பிடிச்சாலும் திரும்பி வரும் பவருக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. பலமா பிடிக்கப் பிடிக்க செம்புச் சூடும் வர்க்கத்தில் கூடுது. என் வண்டிக்கு நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் அந்த உச்சம் சுமார் 150 வாட். 1 மீட்டர் வேகத்தில் 65. வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டினா, திரும்பி வருவதுக்கும் தானா வரம்பு வந்துடுது.

திரும்பி வருவதை எங்கே வைப்பது?

பழனி மலையில் 2004-லிருந்து ஓடும் ரோப் காரைப் பார்த்தவர்களுக்கு ஒரு வழி உடனே தோணும். ஒரு பக்கம் பெட்டிகள் ஏறும்போது மறுபக்கம் இறங்கும். இறங்கும் எடை ஏறும் எடைக்குக் கைகொடுக்கும். மோட்டார் வித்தியாசத்தை மட்டும் சமாளிச்சா போதும். நிறைய மூட்டு உள்ள ரோபோவிலும் இது நடக்கும். ஒரு கால் கொடுப்பதை இன்னொரு கால் அதே லைனிலிருந்து எடுத்துக்கும். ஆனா ஒத்தை வண்டியில் ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இறங்குது. கைமாத்த ஆள் இல்லை. அதனால் வழி ரெண்டுதான்.

முதல் வழி, எரிச்சுடுறது. வோல்டேஜ் ஒரு அளவைத் தாண்டினதும் ஒரு பெரிய ரெசிஸ்டரை லைனுக்குக் குறுக்கே இணைக்கும் அமைப்பு. இதை பிரேக் ரெசிஸ்டர் என்பார்கள். ஓடிரைவ் மாதிரி டிரைவர்களில் இதுக்குன்னே தனி முனை இருக்கு. 44 வோல்ட்டில் வேலை ஆரம்பிக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் 190 வாட்டுக்கு மேல் எரிக்கும். என்னுடைய 150 வாட் உச்சத்துக்கு அது போதும். ஆனா ஒரு எச்சரிக்கை. மேசை மேல் இருக்கும் ரோபோ கைக்கு பிரேக் என்பது அரை நொடி சமாசாரம், சின்ன ரெசிஸ்டர் தாங்கும். மலைச்சரிவில் அது நிமிஷக் கணக்கு. அதனால் 200 வாட் தொடர்ந்து தாங்கும் அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டரை, சாக்குப்பையும் சருகும் தொடாத இடத்தில், இரும்புச் சட்டத்தோடு ஒட்டிப் பொருத்தணும்.

சப்ளைக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு டயோடு போட்டால் போதும்னு சிலர் சொல்வாங்க. டயோடு சப்ளையைக் காப்பாத்தும். டிரைவரைக் காப்பாத்தாது. பாத்திரம் இன்னும் சின்னதாகும், வோல்டேஜ் இன்னும் வேகமா எகிறும்.

இரண்டாவது வழி பேட்டரி. அதுதான் உண்மையில் வாங்கிக்கொள்ளும் பாத்திரம். 64 வாட் என்பது 36 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கும் கீழ். கொஞ்சம் பெரிய பேட்டரி அலட்டிக்காம எடுத்துக்கும். ஆனா மேல்மலையில் இதுக்கு ரெண்டு சிக்கல் உண்டு.

ஒண்ணு, ரோடு மேலே, தோட்டம் கீழே. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் 42 வோல்ட் நிறைந்த பேட்டரியோட வண்டி செய்யும் முதல் வேலையே எருவை ஏத்திக்கிட்டு இறங்குவதுதான். நிறைஞ்ச குடத்துல தண்ணி ஊத்தற கதை. மலையில் மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். முழு சார்ஜோட இறங்க ஆரம்பிச்சா, மோட்டார் பிரேக் பிடிக்காத மாதிரி இருக்கும். அதனால் இந்த மாதிரி இடத்தில் பேட்டரியை 85 சதவீதத்தோட நிறுத்திக்கணும்.

இன்னொண்ணு பனி. டிசம்பர், ஜனவரியில் மேல்மலையில் உறைபனி விழும். விடியக்காலையில் புல் வெள்ளையா இருக்கும். லித்தியம் செல்லை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிஞ்சு செல் கெட்டுப்போகும். நல்ல பிஎம்எஸ் போர்டு அந்தக் குளிரில் சார்ஜ் பாதையை மூடிவிடும். இறக்கத்தில் திரும்பி வருவதும் சார்ஜ்தான், பிஎம்எஸ்ஸுக்கு வித்தியாசம் தெரியாது. அது மூடின நொடியில் வண்டி மறுபடியும் என்னுடைய எஸ்எம்பிஎஸ் நிலைமைக்கு வந்துடும். ஏத்தத்துக்கு கரண்ட் கொடுக்கும், இறக்கத்துல வாங்காது. சமவெளியில் பேட்டரி மட்டும் போட்டுத் தப்பிக்கிற வடிவமைப்பு, ஒரு ஜனவரி காலையில் இங்கே கைவிட்டுடும். அதனால பேட்டரி இருந்தாலும் ரெசிஸ்டர் வேணும். 42-க்கு மேல், 50-க்குக் கீழ் என்று 44 வோல்ட்டை நான் எடுத்துக்கிட்டதுக்குக் காரணம் இதுதான். பேட்டரி வாங்கும்வரை ரெசிஸ்டர் சும்மா இருக்கும். பேட்டரி கதவை மூடினா ரெசிஸ்டர் எடுத்துக்கும்.

சப்ளையை மட்டும் நம்பும் சோதனைகளுக்கு உயரமும் ஒரு கணக்கு. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூட்டை எடுத்துக்கிட்டுப் போற காத்து மெல்லிசு. அதனாலதான் பல எஸ்எம்பிஎஸ் விவரத்தாள்களில் 2000 மீட்டருக்கு மேல் போனால் தாங்கும் வெப்ப அளவைக் குறைச்சுக்கச் சொல்லியிருக்கும். கொடைக்கானல் அந்தக் கோட்டில்தான் இருக்கு. குளிர் ஓரளவு ஈடுகட்டும். இருந்தாலும் மூடின பெட்டிக்குள்ள சப்ளையை வச்சா முழு அளவுக்கு நம்ப வேண்டாம்.

மிச்சம் பிடிக்கிறதுக்காக இல்லை

திரும்பி வர்ற கரண்ட்டால் பேட்டரி ரொம்ப நேரம் ஓடும்னு நினைக்க வேண்டாம். 100 மீட்டர் ஏற 480 வாட்டில் 100 நொடி, 13 வாட்-அவர். அதே பாதையில் அதே சுமையோட இறங்கினா திரும்பி வர்றது 2 வாட்-அவருக்கும் கீழ். 360 வாட்-அவர் பேட்டரியில் 70 சதவீதம் பயன்படுத்தினால் 19 ஏத்தம். திரும்பி வர்றதைச் சேர்த்தா கூட ஒண்ணு ரெண்டு கிடைக்கலாம். சேமிப்புன்னு பார்த்தா இது பெரிசில்லை. ஆனா அந்த 2 வாட்-அவருக்கு இடம் இல்லாமதான் வண்டி கல்லுக்கட்டில் மோதிச்சு.

கரண்ட்டே இல்லாட்டி?

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கு. எல்லாம் சரியா தேர்ந்தெடுத்த பிறகும் ஒரு கனெக்டர் கழன்று போகலாம். மெயின் லைனில் ஓட்டினா கரண்ட் போகலாம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலை மேலேயும் வந்து மரங்களைச் சாய்ச்சுட்டுப் போனது. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், ஒரு கிளை கம்பி மேல விழுந்தாலே போதும். சப்ளை செத்தா வண்டி என்ன ஆகும்?

டிரைவர் அணைஞ்சதும் பொதுவா மோட்டார் வயர் மூணும் அந்தரத்தில் விடப்படும். சக்கரம் சுதந்திரமா சுத்தும். சமவெளியில் அது பாதுகாப்பு. சரிவில் அது ஆபத்து. மூணு வயரையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துட்டா நிலைமை மாறுது. கையில் ஒரு ஹப் மோட்டார் இருந்தா செஞ்சு பாருங்க. வயர் தனித்தனியா இருக்கும்போது லேசா சுத்தும். மூணையும் சேர்த்துப் பிடிச்சுட்டு சுத்தினா சேத்துல கை விட்ட மாதிரி இருக்கும். மோட்டார் தன்னுடைய கரண்ட்டைத் தன்னுடைய செம்பிலேயே எரிக்கிறதால வரும் தடை அது.

கணக்கு போட்டால் என் வண்டி அந்த நிலையில் நொடிக்கு 0.55 மீட்டர் வேகத்தில் தானா இறங்கும். முன்னால வந்த அதே எண். சரிவு தருவதும் செம்பு எரிப்பதும் சமமாகும் வேகம் அது. கரண்ட் இல்லாதபோது தானா மூடிக்கொள்ளும் வகை ரிலே ரெண்டு போட்டால் இதைச் செய்துடலாம். ஒரே கவனம், டிரைவர் ஓடிக்கிட்டிருக்கும்போது ரிலே மூடிடக் கூடாது, அணைஞ்ச பிறகுதான் மூடணும்.

ஆனா ஷார்ட் பண்ணின மோட்டார் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. சரிவில் நிறுத்தி வைக்க கரண்ட் பிரேக்கே வேண்டும். ஸ்பிரிங்தான் பிடிக்கும், கரண்ட் வந்தால்தான் விடும். லிஃப்டில் இருக்கும் அதே தத்துவம். மோட்டாரை வச்சே 20 சதவீதச் சரிவில் வண்டியைப் பிடிச்சு நிறுத்தினா, சும்மா நிக்கிறதுக்கே 100 வாட்டுக்கு மேல் செலவாகும். மூட்டை கட்டுற நேரம் முழுக்க மோட்டார் சூடாகிட்டே இருக்கும்.

எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

முதலில் சக்கரத்திலோ மூட்டிலோ எவ்வளவு விசை, எவ்வளவு வேகம் வேணும்னு எழுதுங்க. அதிலிருந்து டார்க், டார்க்கிலிருந்து மோட்டார் ஆம்பியர், ஆம்பியரிலிருந்து சூடு. சூடு அதிகமா வந்தா சப்ளையைத் தொடாதீங்க, கியரைப் பாருங்க. பிறகு வேலையையும் சூட்டையும் கூட்டி வாட் எடுங்க. அதோட பாதிக்குப் பாதி சேர்த்து சப்ளை வாங்குங்க. எனக்கு 480 வாட், அதனால் 720 வாட் சப்ளை சரியா வந்தது. நான் அதைத் தெரிஞ்சு வாங்கலை, தற்செயல். வோல்டேஜை வேகத்தையும் கேபிள் நீளத்தையும் பார்த்து முடிவு செய்யுங்க. டிரைவரின் எல்லை, நிறைஞ்ச பேட்டரியைவிடத் தாராளமா மேலே இருக்கட்டும். அப்புறம் உட்கார்ந்து, திரும்பி வரும் வாட் எவ்வளவு, அது எங்கே போகும், அந்த இடம் நிறைஞ்சிருந்தா எங்கே போகும், அதுவும் இல்லாட்டி சக்கரம் என்ன செய்யும்னு நாலு கேள்வியும் கேளுங்க. கடைக்குப் போற முன்னாடி கேக்கணும். நான் கல்லுக்கட்டைப் பார்த்த பிறகு கேட்டேன்.

இப்போ வண்டியில் பேட்டரி, பிரேக் ரெசிஸ்டர், ரிலே மூணும் இருக்கு. வேகம் நொடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் போகாம கட்டியிருக்கேன். ஸ்பிரிங் பிரேக் இன்னும் ஒரு பக்கம்தான் மாட்டியிருக்கேன். அதனால மணல் மூட்டையோடதான் ஓட்டறேன், கீழே யாரையும் நிக்க விடறதில்லை. உறைபனிக் காலையில் ஒரு தடவை இறக்கிப் பார்த்த பிறகுதான் எருவை ஏத்தறதா இருக்கேன்.

அன்னைக்கு ஒதுங்கினவர் அந்தத் தோட்டத்து அண்ணன்தான். வண்டியைக் கல்லுக்கட்டிலிருந்து ரெண்டு பேருமா இழுத்து நிறுத்தினபோது அவர் சொன்னது இது: "ஏத்தறதுக்கு எப்படியும் ஆள் கிடைக்கும் தம்பி. இறங்கும்போது பிடிச்சுக்கற மாதிரி பண்ணுங்க. குதிரைக்கே இறக்கத்துலதான் கால் நடுங்கும்."